இரண்டாம் ஹென்றியை தியான் த புவாத்தியே அழகால் மட்டும்தான் ஆண்டாரா?

தம்மைவிட ஏறத்தாழ 20 வயது மூத்த விதவையும் தம் ஆசைநாயகியுமான தியான் த புவாத்தியேயிடம் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி சாகும்வரை கட்டுண்டு கிடந்ததற்கு அவருடைய அழகுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். அழகுக்கும் பங்கு உண்டு. 2009-இல் வெளியான ஆய்வொன்றில் அவருடைய தலைமுடியில் தங்கம் மிகுதியாக இருந்தது தெரியவந்தது. இளமையைக் காக்கத் தங்கம் கலந்த நீரை அவர் குடித்துவந்தார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் என் கணிப்பில், அவரை நிலைநிறுத்தியது அழகைவிடக் காரியத் திறமையே.

15 வயதில், தம்மைவிட ஏறக்குறைய 40 ஆண்டுகள் மூத்த லூயி த பிரேசேயை அவர் மணந்தார். அந்தக் கணவரின் பாட்டி ஆன்யேஸ் சொரேல், ஏழாம் சார்லஸ் மன்னரின் ஆசைநாயகி. ஆகவே புகுந்த வீட்டுக்கு இந்தப் பதவி புதிதல்ல. 1531-இல் கணவர் இறந்தபின் கறுப்பும் வெள்ளையுமே உடுத்தினார். பிற்காலத்தில் மன்னரும் அந்த நிறங்களையே அணிந்தார். ஹென்றியின் மனைவி கத்தரின் தெ மெதிச்சிக்குத் திருமணமாகிப் பத்து ஆண்டுகள் குழந்தையில்லாதபோது, மனைவியிடம் செல்லும்படி ஹென்றியை வற்புறுத்தி அனுப்பியவரும் தியானே. அதைப் பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன். கத்தரினைத் தள்ளிவைத்துவிட்டு வேறொரு இளவரசியைக் கொண்டுவந்தால், அவள் இவ்வளவு பொறுமையாக இருப்பாள் என்பதற்கு என்ன உறுதி?

அவருடைய சாமர்த்தியம் நன்றாகத் தெரிவது செனோன்சோ மாளிகை விவகாரத்தில்தான். 1547-இல் அரியணை ஏறிய ஹென்றி அதை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். ஆனால் அரச உடைமையைத் தானம் செய்வது சட்டப்படி செல்லாது என்று பின்னால் யாரேனும் பறித்துக்கொள்ளக்கூடும் என்பதை அறிந்திருந்த தியான், பல ஆண்டுகள் சட்டவழியில் காய் நகர்த்தி, 1555-இல் அதைத் தம் பெயருக்கே முறையாக உரிமையாக்கிக்கொண்டார். அத்துடன் நில்லாமல், ஷேர் ஆற்றின் குறுக்கே ஃபிலிபேர் த லோர்ம் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு வளைவுப் பாலமும் கட்டுவித்தார்.

அந்தக் காலக் கட்டடங்களில் காணப்படும் அரச முத்திரையைப் பாருங்கள்: ஹென்றியின் முதலெழுத்தான H-இன்மேல் இரு வளைவுகள் பின்னியிருக்கும். அவற்றைத் தியானின் எழுத்தாகவும் (D) படிக்கலாம், கத்தரினின் எழுத்தாகவும் (C) படிக்கலாம். அரண்மனையில் அவரவர் விருப்பப்படி படித்துக்கொண்டிருப்பார்கள்.

1559 ஜூன் 30 அன்று குதிரைமீதேறி ஈட்டி ஏந்தி மோதும் விளையாட்டில் ஹென்றி தியானின் நிறங்களை அணிந்தே களமிறங்கினார். எதிராளியின் ஈட்டி முறிந்து சிராய் கண்ணில் பாய்ந்தது. பத்தாம் நாள் உயிர் பிரிந்தது. படுக்கையருகே தியானை அனுமதிக்கவில்லை. அரச நகைகளைத் திருப்பிக் கொடுத்தார். அத்தனை பாடுபட்டுப் பத்திரமாக்கிய செனோன்சோவையும் கத்தரினிடம் விட்டுவிட்டு, மாற்றாக ஷோமோன் கோட்டையைப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. கணவர்வழி வந்த அனே ஊரிலிருந்த தம் மாளிகையில் 1566-இல் இறந்தார். செனோன்சோவில் அவர் கட்டிய பாலத்தைக் கத்தரின் இடிக்கவில்லை. அதன் மேலேயே இரண்டடுக்கு மண்டபத்தை எழுப்பி விருந்து நடத்தினார்.