கணினிக் கேள்வி பதில்: எழும்ப முதலே விழுற அப்பாச்சி

கேள்வி: அண்ணை, ஒரு நெல் ஆலைக்கு கணக்குப் பாக்கிற சின்ன வெப் பக்கம் செய்து குடுத்தனான். அதை அப்பாச்சி எண்ட வெப் சேர்வரோட சேர்த்து, டொக்கரில விண்டோஸ் கொண்டெய்னர் இமேஜாக் (புரோகிராமையும் அதுக்கு வேண்டியதையும் ஒண்டாக் கட்டின பொட்டலம்) கட்டினன். சேர்வர் கோர் எண்ட பெரிய விண்டோஸ் அடித்தளத்தில கட்டினா ஜிபிக் கணக்கில பெருக்குது, நானோ சேர்வர் எண்ட சின்ன அடித்தளத்தில கட்டினா ஓடின உடன நிண்டுபோகுது, நடந்ததைப் பதியிற லொக்ல ஒரு வரியும் இல்லை. என்ன பிழை?
- பரந்தன் வாசகர்

பதில்: தம்பி, லொக்கை விடுங்கோ, "டொக்கர் பிஎஸ் -ஏ" அடிச்சு என்ன கோட்டோட வெளிய வந்திருக்கு எண்டு பாருங்கோ. 3221225781 எண்டு நிண்டால், அதை ஹெக்ஸுக்கு மாத்தினா சி0000135, தேடின டிஎல்எல் (புரோகிராம் ஓடத் தேவையான துணை ஃபைல்) கிடைக்கேல்லை எண்டதை விண்டோஸ் சொல்லுற பாஷை அதுதான். அப்பாச்சி எழும்ப முதலே விழுந்திட்டுது, பிறகெங்க லொக் எழுதுறது?

அப்பாச்சிக்காரர் விண்டோஸுக்கெண்டு கட்டின ஃபைல் தாறேல்லை, நாங்கள் அப்பாச்சி லவுஞ்ச் மாதிரி இடத்தில எடுக்கிறம், அது விஷுவல் சி பிளஸ் பிளஸ்ல கட்டினது, விசிரன்டைம்140 டிஎல்எல் இல்லாமல் அசையாது. அதை நிறுவுற ஃபைலை நானோவுக்குள்ள ஓட்டலாம் எண்டு மினக்கெடாதைங்கோ, நானோவில எம்எஸ்ஐ எண்ட நிறுவுற வசதியும் இல்லை, 32 பிட் புரோகிராமும் ஓடாது. இமேஜை எப்பிடிக் கட்டுறதெண்டு சொல்லுற டொக்கர்ஃபைலை ரெண்டு கட்டமா எழுதுங்கோ. முதல் கட்டம் சேர்வர் கோர், அங்க அந்த விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைமைப் போட்டு அப்பாச்சி ஸிப் ஃபைலை விரியுங்கோ, ரெண்டாவது கட்டம் நானோ, அங்க அப்பாச்சி ஃபோல்டரையும் அந்த டிஎல்எல்லையும் மட்டும் கொப்பி பண்ணுங்கோ. டிஎல்எல்லை சிஸ்டம்32க்குள்ள திணிக்கத் தேவையில்லை, அப்பாச்சியின்ர "bin" ஃபோல்டரில எச்டிடிபிடி எண்ட அதின்ர புரோகிராம் ஃபைலுக்குப் பக்கத்தில வைச்சாக் காணும். அதுக்குப் பிறகும் விழுந்தால் லொக்ஸ் ஃபோல்டரைப் பாருங்கோ, நானோ சும்மா ஓடுறது கொண்டெய்னர்யூசர் எண்ட சின்ன ஆளாய், எழுத உரிமை இல்லாட்டி பிஐடி ஃபைல் (தன்ர ஓட்ட நம்பரைக் குறிச்சு வைக்கிற ஃபைல்) எழுதேலாமல் அப்பாச்சி நிண்டிடும்.

அப்பாச்சிக்குப் பதிலா மைக்ரோசொஃப்டின்ர வெப் சேர்வரான ஐஐஎஸ் தான் வேணுமெண்டால் சேர்வர் கோரை விட்டால் வழியில்லை, பெருப்பைச் சகிக்கத்தான் வேணும். நான் ஒருக்கா அந்த சேர்வர் கோர் இமேஜை நைட் டேட்டாவில இறக்க விட்டுட்டுப் படுத்தன், விடியப்புறம் கரண்ட் போச்சு, இமேஜின்ர அந்தப் பெரிய துண்டு (லேயர்) திரும்ப முதலில இருந்து! பென்ல கொண்டுபோவம் எண்டு டொக்கர் சேவ் அடிச்சு இமேஜை ஒரு ஃபைலாக்கினாலும் 4 ஜிபி தாண்டின ஃபைலை ஃபாட்32 பென் ஏத்தாது, பென்னை என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாத்துங்கோ.

நீங்கள் கேக்காத ஒண்டு. உங்கட லப்டொப் விண்டோஸ் 10ஓ 11ஓ எண்டால் அது ஹைப்பர்வி தனிமையில, அதாவது கொண்டெய்னரைத் தனி மெய்நிகர் கணினிக்குள்ள வைச்சு, ஓட்டுறதால பழைய இமேஜும் சத்தமில்லாமல் ஓடும். ஆலையில கிடக்கிறது சேர்வர் 2019 எண்டால் நீங்கள் 2022 இமேஜில கட்டிக் கொண்டுபோய்ப் போட்டா, ஹோஸ்டோட (இமேஜை ஓட்டுற கணினி) பொருந்தேல்லை எண்டு முகத்தில அடிச்ச மாதிரிச் சொல்லும், ஏனெண்டா ஹோஸ்டை விடப் புது இமேஜை எந்த வழியாலயும் ஓட்டேலாது. 2019 எண்டால் பில்ட் 17763, 2022 எண்டால் 20348. பென்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முதல் ஆலையில இருக்கிற பெடியனுக்கு ஒரு கோல் அடிச்சு, விண்டோஸ் பதிப்பைக் காட்டுற வின்வர் கட்டளையை அடிச்சு அந்த பில்ட் நம்பரை வாசிக்கச் சொல்லுங்கோ.