ரைபிளுக்கு எந்த எண்ணெய்? கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலும் எண்ணெய்ச் சமாச்சாரம். பதிலுக்கு முன் ஒன்று: துணியைக் கையில் எடுக்குமுன் மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணால் பாருங்கள்.

எங்கள் ஐயா காலத்து ரைபிள், லைசென்ஸோடு இருக்கிறது. அவர் தேங்காயெண்ணெய்தான் போடுவார். நானும் போடலாமா? (கானாடுகாத்தான்)

வேண்டாம். அது 24, 25 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், காற்றுப்பட்டுப் பிசினாகி போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் தண்டு) பிடித்துக்கொள்ளும். துப்பாக்கிக்கென்றே விற்கும் எண்ணெய் வாங்குங்கள். அவசரத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஓடும், ஆனால் நீண்ட நாள் துருவைத் தடுக்காது. தோல் உறைக்குள் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம், பழைய ராணுவத் தோட்டா சுட்டிருந்தால் எண்ணெய் மட்டும் போதாது. அந்தக் காலத்துப் பிரைமர்களில் (தோட்டாவின் அடியில் முதலில் பற்றும் மருந்து) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பின் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு தங்கிவிடும். உப்பு எண்ணெயில் கரையாது. முதலில் வெந்நீர், பிறகு நன்றாக உலர்த்தல், கடைசியில்தான் எண்ணெய்.

அரிசி ஆலைக் காவலுக்கு வைத்திருக்கும் ரைபிள். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் போல்ட் கரகரக்கிறது. (புதுவயல்)

எவ்வளவு விட்டாலும் என்கிறீர்களே, அதுதான் கோளாறு. உமியில் சிலிக்கா அதிகம். நம்மூர்ச் செம்மண் தூசியும் சேர்ந்தால் எண்ணெய் உலோகத்தை அரைக்கும் பசையாகிவிடும். எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள். போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் புடைப்புகளான பூட்டுக் காதுகளுக்குப் பின்னால் மட்டும் துளி கிரீஸ். மற்ற இடங்களில் விரலால் தொட்டால் மினுமினுப்பு தெரிய வேண்டும், ஒட்டக் கூடாது. உலர் மசகு வேண்டுமென்றால் மாலிப்டினம் டைசல்ஃபைடு நல்லது. கிராஃபைட்டும் வழுக்கும், ஆனால் துருவைத் தடுக்காது. அலுமினிய பாகத்தோடு ஈரமும் சேர்ந்தால் அரிப்பைத் தூண்டும். ஏன் என்று விளக்கம் வேண்டுமானால் பக்கத்திலேயே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, அரிமானம் அவர்கள் பாடம்.

குழலுக்குள் எண்ணெய் இருக்கும்போதே சுடலாமா? (தேவகோட்டை)

கூடாது. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுச் சுடுங்கள். மெல்லிய படலம் இருந்தாலே முதல் குண்டு குறி விலகலாம். நிறைய இருந்தால் அழுத்தம் ஏறும்.

தம்பி லடாக்கில் ராணுவத்தில் இருக்கிறான். அங்கே எண்ணெய் உறையும் என்கிறானே? (பள்ளத்தூர்)

சாதாரண எண்ணெய் கடுங்குளிரில் கெட்டியாகும். தோட்டாவின் அடியைத் தட்டும் ஃபயரிங் பின் மெதுவாக அடிக்கும், தோட்டா வெடிக்காமல் போகும். அதனால் குளிருக்கென்றே தயாரித்த மெல்லிய எண்ணெயை, அதுவும் கொஞ்சமாகப் பூசுவார்கள். எது, எவ்வளவு என்பது அவன் படைப்பிரிவு சொல்வதுதான். ஊரிலிருந்து பாட்டில் பார்சல் அனுப்ப வேண்டாம். அங்கே இன்னொரு சங்கடம்: குளிர்ந்த துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் வியர்த்துவிடும். துடைக்காமல் வெளியே எடுத்துப்போனால் அந்த நீர் பனிக்கட்டியாகி இறுகும்.

டபிள்யூ.டி.40 ஸ்பிரே போதுமா? (காரைக்குடி)

ஈரத்தை விரட்ட, சரி. தனியாக மசகுக்கு, போதாது.

மகள் ஸ்பிரிங் ஏர் ரைபிளில் பழகுகிறாள். சுடும்போது புகை வருகிறது. (திருமயம்)

காற்று அழுத்தப்படும் அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் போயிருக்கும். பிஸ்டன் அமுக்கும் வேகத்தில் காற்று சூடாகி, டீசல் எஞ்சின் போல எண்ணெய் பற்றிக்கொள்கிறது. வேகம் ஏறி இறங்கி, குறி கெடும், சீலும் போகும். அந்த அறைக்கு, தயாரிப்பாளர் சொன்னால் மட்டும், சிலிக்கோன் எண்ணெய் ஒரு துளி. அதே சிலிக்கோனை உலோகம் உலோகத்தோடு உரசும் இடத்தில் விடாதீர்கள், அங்கே அது தாங்காது.