நர்சம்மா பதில்கள்: அக்கிக்குக் காவி எழுதினால் போதுமா?

கேள்வி: அம்மா, 66 வயதான என் மாமியாருக்கு முதுகில் ஆரம்பித்து விலா வரைக்கும் இடது பக்கம் மட்டும் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். நெருப்புக் கங்கை அள்ளிப் போட்ட மாதிரி எரிகிறது என்கிறார். அக்கி என்று, மண்பானை வனையும் வேளார் வீட்டில் காவி மண்ணால் எழுதிவிட்டு வந்தோம். "மூணு நாள் எழுதினா இறங்கிரும், ஊசி போட்டா ஏறிரும்" என்கிறார்கள். நிஜமா?
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் மாமியாருக்குக் கொப்புளம் காய்ந்திருக்கும் தாயீ. அடுத்த வீட்டுக்காரருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் அம்மாவுக்கு அக்கி எழுதியபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பானைச் சக்கரத்தை நிறுத்திவிட்டு வந்தார் வேளார் தாத்தா. சிரட்டையில் குழைத்த காவி, ஒரு கோழி இறகு. முதலில் கொப்புளத்தைச் சுற்றி வேலி மாதிரி ஒரு கோடு. அதற்குள்ளே சிங்கம். அக்கியை அது தின்றுவிடுமாம். எனக்கு அது நாயாகத்தான் தெரிந்தது. சிரித்தேன், அம்மா தொடையில் கிள்ளினார். ஆனால் காவி காயக் காய "குளுகுளுன்னு இருக்கு" என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஈரமண் காயும்போது சூட்டையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டுதானே போகும்!

அக்கி புதிதாக ஒட்டிக்கொண்டு வருவதில்லை. சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பின் அடியில் படுத்தே கிடக்கும். வயதாகியோ வேறு நோயாலோ உடம்பு தளரும்போது அந்த ஒரு நரம்பின் வழியே மேலே வரும். ஒரே பக்கமாக, பட்டை கட்டின மாதிரி வருவது அதனால்தான். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் தானாகவே ஆறும். அந்தப் பெயரைத்தான் சிங்கம் வாங்கிக்கொள்கிறது.

என் வருத்தமெல்லாம் அந்த "மூணு நாள்" மேலேதான். கிருமியை அடக்குகிற மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். 72 மணி என்றால் என்ன? அதே மூன்று நாள்! எழுதிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தால் அந்த நேரம் அப்படியே கைநழுவிப் போகும். அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கொப்புளம் ஆறின பிறகும் நரம்பு வலி மாதக்கணக்கில் தங்கிவிடுவது உண்டு. சேலை முந்தானை பட்டாலே துடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கே ஆபத்து, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நாள் தள்ளிப்போய்விட்டதே என்றும் போகாமல் இருக்காதீர்கள். ஊசி போட்டால் ஏறும் என்பது வெறும் பயம்.

நான் வேலை பார்த்த ஊரில் வேளார் தாத்தாவிடம் ஓர் உடன்படிக்கை போட்டேன். "நர்சம்மாட்ட காட்டிட்டு வா, அப்புறம் எழுதுறேன்" என்று சொல்லியே அனுப்புவார். உடையாத கொப்புளத்துக்கு மட்டும்தான் எழுதுவார். புண்ணில் மண் படக்கூடாது என்பது அவருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? கர்ப்பிணிகளும், அம்மை வராத பிள்ளைகளும் அந்தக் கொப்புள நீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பையனுக்கு விரல் இடுக்கில் சிரங்கு. குப்பைமேனியும் மஞ்சளும் உப்பும் அரைத்துப் போடுகிறேன். குறைகிறது, திரும்ப வருகிறது. இலை மாறிவிட்டதோ?
– வாசகர், சாத்தூர்

பதில்: இலை சரிதான் தம்பி. சந்தேகமென்றால் வேரோடு பிடுங்கிப் பூனை முன்னால் போடுங்கள், அது புரண்டு விளையாடும். பூனைவணங்கி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

ராத்திரியில்தான் அரிப்பு கூடுகிறதா? மணிக்கட்டு, தொப்புள், இடுப்பிலும் இருக்கிறதா? அப்படியானால் அது தோலுக்குள் வளை தோண்டும் பூச்சி. நீங்கள் பையன் விரலுக்கு மட்டும் போடுகிறீர்கள், பூச்சியோ வீட்டுப் பாய் முழுக்க உறவு கொண்டாடுகிறது. டாக்டர் தருகிற பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து கால்வரை ராத்திரி தடவி, காலையில் குளிக்க வேண்டும். அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில். ஒரு வாரம் கழித்து மறுபடியும். துணி, போர்வையை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். சொறிந்து பிளந்த புண்ணில் உப்பு வேண்டாம், பிள்ளை பாவம்.

கேள்வி: காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) என்று வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தேன். எண்ணெய் ஊதா நிறமாகிவிட்டது. கெட்டுவிட்டதா?
– வாசகி, ராஜபாளையம்

பதில்: கெடவில்லை, அதுதான் பதம்! துணிக்கு நீலச்சாயம் எடுத்த மரம் அது. செதிலுக்குத் தடவலாம், டாக்டர் கொடுத்த மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தலைக்குத் தடவிப் படுப்பதானால் பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள். என் வெள்ளைத் தலையணை உறை இன்னும் கத்தரிப்பூ நிறத்தில்தான் இருக்கிறது.