டாக்டரைக் கேளுங்கள்: கைராசி டாக்டருக்கு எதற்குப் பயிற்சி வகுப்பு?

கேள்வி: எங்கள் டாக்டருக்கு அறுபது வயது இருக்கும். நல்ல கைராசிக்காரர். வலி சிகிச்சைப் பயிற்சி என்று சொல்லி இரண்டு வாரமாக க்ளினிக்கைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை, ராத்திரியானால் பாதம் எரிகிறது என்று அழுகிறார். இத்தனை அனுபவம் உள்ளவருக்கு இனி என்ன பாடம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மாவின் பாதம் முதலில். சர்க்கரையால் வருகிற அந்த எரிச்சல் பெரும்பாலும் நரம்பு வலி. வழக்கமான வலி மாத்திரைக்கு அது சரியாகக் கேட்காது. கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் சிறுநீரகம்தான் கெடும். அமிட்ரிப்டிலின், பிரிகாபலின் மாதிரி வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. அளவை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். பாதத்தில் புண் தெரிந்தால் அவர் வரும்வரை காத்திருக்காமல் வேறு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

உங்கள் டாக்டர் படிக்கப் போயிருப்பது இதையெல்லாம்தான். நான் மயக்க மருந்து நிபுணர். இப்படிப்பட்ட வகுப்புகளில் பாடம் எடுக்கிறவள். எங்கள் காலத்து எம்.பி.பி.எஸ். படிப்பில் வலிக்கென்று ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. நோயைக் கவனித்தால் வலி தானே போய்விடும் என்பதுதான் பாடம். ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வி வேண்டும் என்று டாக்டர்களுக்கான மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் உட்கார்ந்தே அந்தக் கணக்கை முடித்துவிடலாம். இவர் இரண்டு வார வருமானத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

இன்னொன்றும் இருக்கிறது. அபினியைச் சட்டப்படி பயிரிடும் நாடு நம்முடையது. ஆனாலும் நம் புற்றுநோயாளிகள், அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின் கிடைக்காமல் துடித்தார்கள். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாநிலத்திலும் ஏகப்பட்ட லைசென்ஸ். பல ஆஸ்பத்திரிகள் அந்த மருந்தையே கைவிட்டன. 2014 திருத்தத்தால் வழி கொஞ்சம் திறந்தது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை வாங்கி வைக்கலாம். ஆனால் வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற டாக்டர் அங்கே இருந்தாகவேண்டும். ஆகவே, உங்கள் ஊர்ப் பக்கம் அந்த மாத்திரை வருவதற்கே இவர் மாதிரி ஒருவர் வேண்டும்.

அப்புறம், மாத்திரை வந்தால் மட்டும் போதாது. வகுப்பில் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது மருந்துச் சீட்டை. அனுபவசாலிகள்கூட ‘வலித்தால் ஒன்று’ என்று எழுதியிருப்பார்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நாலு மணி நேரம்தான் தாங்கும். வலி ஏறியபின் கொடுத்தால் அது வேலை செய்யத் தொடங்கும்வரை நோயாளி துடிக்கவேண்டும். அதனால் கடிகாரம் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறோம்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6. இரவு 10-க்குப் பெரும்பாலும் இரட்டை அளவு, நடுராத்திரி எழுப்பாமல் இருக்க. கூடவே மலமிளக்கி. அது இல்லாத சீட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மலச்சிக்கல் தாங்காமல் மார்ஃபினையே நிறுத்திவிட்டு மறுபடி வலியில் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள்.