தியானத்துக்கு மதிப்பெண்

அன்புள்ள ஐயா,

ஐடி வேலை, வயது 36. பிரஷர் இருக்கிறது என்று மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், தியானமும் செய்து பாருங்கள் என்றார். ஒரு செயலியை இறக்கி, ஸ்மார்ட் வாட்சைக் கட்டிக்கொண்டு மூன்று மாதமாக உட்கார்கிறேன். முடிந்ததும் அது மதிப்பெண் போடுகிறது. முதலில் 70க்கு மேல் வந்தது, இப்போது 55ஐத் தாண்டவில்லை. எனக்குத் தியானம் வரவில்லையா? இல்லை, இந்தக் கருவிகளோடு வாழ்கிறவர்களுக்கு அது வரவே வராதா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

வாட்சைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பச்சை விளக்கு மினுங்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் மாறும். அதை வைத்து நாடியை எண்ணுகிறது, அவ்வளவுதான். மதிப்பெண் என்பது அந்த எண்ணிக்கையிலிருந்து செயலி போடும் ஊகம். உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாலும் நாடி இறங்கத்தான் செய்யும்.

மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமெடுக்கும், விடும்போது தணியும். மூளையடியிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்புக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் மூச்சை நிதானமாக, நீளமாக விட்டால் உடம்பு அடங்குகிறது. சரி, 'இன்றைக்கு எவ்வளவு வருமோ' என்று நினைத்தால்? நாடி ஏறும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையனின் நாடியைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இரு என்று சொல்வதுபோல. உங்கள் 55க்குப் பின்னால் இதுதான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

கருவிகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஹார்வர்டின் இதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1960களின் கடைசியில் தியானம் பழகியவர்களைக் கருவிகள் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் உடம்பு செலவிடும் ஆக்ஸிஜன் குறைவதும் மூச்சும் துடிப்பும் தணிவதும் மருத்துவ உலகில் பேச்சானது அப்படித்தான். உங்கள் டாக்டர் தியானத்தைச் சொன்னதற்கு அங்கேயும் ஒரு வேர் உண்டு. ஆனால் அங்கே அளந்தவர் ஒருவர், கண்மூடி உட்கார்ந்தவர் வேறொருவர். நீங்கள் இரண்டையும் ஒரே ஆளாகச் செய்யப் பார்க்கிறீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போயிருந்தேன். போனை முதலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பேச்சும் கிடையாது. முதல் மூன்று நாளும் மூச்சைக் கவனிப்பதுதான் வேலை. இரண்டாம் நாள் மதியம் என் வலது தொடையில் போன் அதிர்ந்தது. சந்தேகமே இல்லை, அதிர்ந்தது. கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. உள்ளே கைக்குட்டை. என் தொடைச் சதையில் போன் குடியேறி எத்தனை வருஷமாகிறதோ! ஐந்தாம் நாள்வாக்கில் அந்த அதிர்வு நின்றது. வீடு திரும்பிய மறுவாரமே மறுபடி வந்துவிட்டது, அது வேறு கதை.

வாட்சைத் தூக்கிப் போட வேண்டாம். நடக்கும்போது கட்டிக்கொள்ளுங்கள். உட்காரும்போது மட்டும் அதையும் போனையும் அடுத்த அறையில் வையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பிரஷரை டாக்டர் அளக்கட்டும். அப்புறம், நேரம் தெரிய வேண்டுமென்றால் ஊதுபத்தி ஒன்று ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் வாங்குவது ஏறக்குறைய அரைமணி நேரம் எரிகிறது.