கேள்வி பதில்: புத்தகப் பதிப்பு எப்போது தொழிலானது?

இன்று அமெரிக்கப் பதிப்பகங்களின் கதை, முக்கியமாக ரேண்டம் ஹவுஸ். கேள்விகள் வரட்டும், கையெழுத்துப் படிகள் வேண்டாம்.

திருச்சி வாசகர்: பொழுதுபோக்காக இருந்த பதிப்பு எப்போது வணிகமானது? தேதி சொல்ல முடியுமா ஐயா?

1959 என்பேன். பென்னட் செர்ஃபும் டொனால்ட் கிளாப்ஃபரும் 1925இல் 'மாடர்ன் லைப்ரரி' என்ற மலிவுப் பதிப்பு வரிசையை விலைக்கு வாங்கினார்கள். அது ஆண்டு தவறாமல் விற்றது. அந்தத் தெம்பில், மனத்துக்குப் பிடித்த சில புத்தகங்களையும் போட்டுப் பார்க்கலாம் என்று 1927இல் ரேண்டம் ஹவுஸைத் தொடங்கினார்கள். நட்டம் வந்தால் இருவர் பைக்கும்தான் நட்டம். 1959இல் பங்குகளில் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்கு விற்றதும் அந்தச் சுதந்திரம் போயிற்று. வெளியார் பணம் உள்ளே வந்தபின் இஷ்டப்படி நடக்க முடியாது, ஈவுத்தொகைக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று செர்ஃபே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தன: 1960இல் க்னாஃப் பதிப்பகத்தை வாங்கினார்கள், 1961இல் பாந்தியன். 1965இல் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டி செய்த ஆர்சிஏ நிறுவனம் ஏறத்தாழ 4 கோடி டாலருக்கு ரேண்டம் ஹவுஸையே வாங்க முன்வந்தது. 1980இல் நியூஹவுஸ் குடும்பம், 1998இல் ஜெர்மனியின் பெர்டெல்ஸ்மன் என்று கைமாறி, 2013இல் பிரிட்டிஷ் பதிப்பகமான பெங்குவினோடு இணைந்தது.

வேலூர் வாசகி: நாவல் எழுதி முடித்துவிட்டேன். ராயல்டி எவ்வளவு கிடைக்கும்?

அமெரிக்காவில் கெட்டி அட்டைக்கு வழக்கமான விகிதம்: முதல் 5,000 பிரதிக்கு 10 சதவீதம், அடுத்த 5,000க்கு 12.5, அதன்பின் 15. ஓர் எச்சரிக்கை: அச்சிட உங்களிடமே பணம் கேட்பவர் பதிப்பாளர் அல்லர்.

காரைக்குடி வாசகர்: அந்தக் காலப் பதிப்பாளர்கள் இலக்கியத்துக்காக வாழ்ந்த கனவான்கள். பெருநிறுவனங்கள் வந்துதான் கெடுத்தன.

கனவான்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். செர்ஃபுக்குத் தாய்வழிச் சொத்து இருந்தது. ஆல்ஃப்ரெட் க்னாஃப் 1915இல் தந்தையின் ஆதரவோடு தொடங்கினார். இவர்கள் யூதர்கள், நீங்கள் புகழும் பழைய கனவான் பதிப்பகங்களின் கதவு யூதர்களுக்குப் பெரும்பாலும் திறக்கவில்லை. அதனால்தான் தனிக்கடை போட்டார்கள். அந்தப் பண்பாட்டின் மறுபக்கம் இது.

சேலம் வாசகர்: என் கவிதைத் தொகுப்புக்கு ராயல்டி எவ்வளவு?

வேலூருக்குச் சொன்னதேதான். எச்சரிக்கையும் சேர்த்து.

காரைக்குடி வாசகர்: பாந்தியனுக்கு என்ன நடந்தது என்று சொல்லாமல் நழுவுகிறீர்கள்.

நழுவவில்லை. உங்கள் கட்சியிலேயே வலுவான சாட்சி அதுதான். ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவர்கள் 1942இல் தொடங்கிய பதிப்பகம் அது. பல ஆண்டுகள் அதை நடத்திய ஆந்த்ரே ஷிஃப்ரின் 1990இல் வெளியேற நேர்ந்தது. ஆசிரியர் குழுவில் பலரும் உடன் விலகினார்கள். பாந்தியன் நட்டத்தில் ஓடுகிறது என்றது ரேண்டம் ஹவுஸ் நிர்வாகம். கணக்குப் போட்ட முறையே தவறு என்றார் ஷிஃப்ரின். பதிப்புத் தொழிலில் மூன்று நான்கு சதவீத லாபமே வழக்கமாக இருந்தது, புதிய முதலாளிகள் பன்னிரண்டு, பதினைந்து கேட்டார்கள் என்பது அவருடைய வாதம். அதை ஏற்கிறேன். பழையவர்களும் லாபம் பார்த்தவர்கள்தான். ஆனால் நன்றாக விற்ற ஒன்று, விற்காத நான்கைத் தாங்கலாம் என்று விட்டுவைத்தார்கள். ஒவ்வொரு புத்தகமும் தன் செலவைத் தானே ஈட்டட்டும் என்ற விதி வந்ததும் அந்த நான்கும் அச்சேறுவதில்லை.

மதுரை வாசகர்: நடுவே வருவதற்கு மன்னிக்கவும். லண்டனில் பெங்குவினைத் தொடங்கிய ஆலன் லேன் கனவானா, வியாபாரியா?

இரண்டும். 1935இல் பெங்குவின் புத்தகத்துக்கு ஆறு பென்ஸ் விலை வைத்தார். புத்தகக் கடைக்காரர்கள் தயங்க, மலிவுப் பொருள் விற்ற வூல்வொர்த்ஸ் கடைகள் 63,500 பிரதிகள் கேட்டுக் காப்பாற்றின. காரைக்குடிக்காரர் இதையும் கவனிக்கட்டும்.

புதுச்சேரி வாசகர்: விற்காத பிரதிகளைக் கடைகள் ஏன் திருப்பி அனுப்புகின்றன?

1930களின் பொருளாதார மந்தத்தில் கடைக்காரர்களைத் தூண்டப் பதிப்பாளர்களே கொடுத்த சலுகை. அதன்பின் அந்தச் சலுகையைத் திரும்பப் பெற முடியவில்லை.

நெல்லை வாசகி: ராயல்டி குறித்து…

மேலே பார்க்கவும்.

தஞ்சை வாசகர்: தமிழ்ப் பதிப்பகங்களிலும் இப்படியா?

அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை அறிந்த ஒருவரைக் கேளுங்கள். அது வேறு கணக்கு.

கோவை வாசகர்: சைமன் அண்டு ஷூஸ்டர் வழக்கு என்ன?

1924இல் இரண்டு இளைஞர்கள் குறுக்கெழுத்துப் புதிர்ப் புத்தகத்தோடு தொடங்கிய பதிப்பகம் அது. அதை 217.5 கோடி டாலருக்கு வாங்கப் பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் முயன்றது. எழுத்தாளர்களின் முன்பணம் குறையும் என்று அரசு வழக்குப் போட்டு, 2022இல் தடுத்தது. வாங்குபவர் எண்ணிக்கை குறைந்தால் விற்பவருக்கு விலை குறையும் என்பது காய்கறிச் சந்தைக்கும் பொருந்தும் நியாயம். மறு ஆண்டு கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் 162 கோடிக்கு வாங்கியது. காரைக்குடிக்காரர் 'நான் சொன்னேனே' என்பார். அவருக்காக ஒன்று: 2020இல் விற்கும் முடிவை அறிவித்தபோது தாய் நிறுவனம் சொன்ன காரணம், புத்தகம் தங்கள் மையத் தொழில் அன்று, காணொளி சார்ந்ததும் அன்று என்பது.