திருப்பத்தில் கழன்றுபோகிறவருக்குக் கார்பன் சக்கரம் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 43. ஞாயிறுதோறும் காலையில் உள்ளூர் சைக்கிளோட்டிகள் இருபது, இருபத்தைந்து பேர் சேர்ந்து ஓட்டும் வேகச் சவாரியில் சில மாதங்களாகக் கலந்துகொள்கிறேன். பெயருக்குப் பயிற்சி என்றாலும் அது பந்தயம்தான். கடைசிச் சுற்றில் முட்டிமோதிக்கொண்டு முடிவுக்கு வருவார்கள். சமதளச் சாலை, ஒரு சுற்று 9 கிலோமீட்டர், மொத்தம் ஐந்து சுற்று, சுற்றுக்கு நான்கு திருப்பங்கள். தனியாக ஓட்டினால் மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தை ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறேன். குழுவின் சராசரி வேகம் 37. புதியவன் என்பதால் கடைசி ஆளாகவே ஓட்டுகிறேன். ஒவ்வொரு வாரமும் இரண்டாம் சுற்றிலேயே குழுவோடு ஈடுகொடுக்க முடியாமல் கழன்றுவிடுகிறேன். குழுவில் மூத்தவர் ஒருவர், என் சக்கரங்கள் கனமானவை என்றும், கார்பன் சக்கரம் போட்டால் குழுவோடு நின்றுவிடலாம் என்றும், அதிகம் ஓடாத ஒரு ஜோடியைத் தானே மலிவாக வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது, ஆனால் அது சக்கரத்தைப் பற்றிய வரியில் இல்லை. "கடைசி ஆளாகவே ஓட்டுகிறேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் இருக்கிறது.

முதலில், 37 கிலோமீட்டர் வேகத்துக்கு உங்கள் உடலில் வலு இருக்கிறதா என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். சமதளத்தில் இந்த வேகத்தில் நீங்கள் செலவிடும் வலுவின் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. அந்தக் காற்றைக் கிழித்துச் செல்லத் தேவைப்படும் வலு வேகத்தின் மும்மடியாக (வேகம் இரட்டித்தால் வலு எட்டு மடங்கு) கூடுவதால், 32-லிருந்து 37-க்குத் தனியாகப் போக வேண்டுமானால் உங்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வலு வேண்டும், அது உங்களால் ஆகாது. ஆனால் ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டும்போது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வலு மிச்சமாகிறது. ஒன்றரையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் ஒன்று. அதாவது குழுவுக்குள் 37-இல் போவதற்கு உங்களுக்குத் தேவைப்படுவது, தனியாக 32-இல் போகும்போது நீங்கள் ஒரு மணி நேரம் தருகிற அதே வலுதான். கணக்குப்படி நீங்கள் கழன்றுபோகக் கூடாது. போகிறீர்கள் என்றால் சராசரி வேகத்தில் பிரச்சினை இல்லை, திருப்பத்தில்தான் பிரச்சினை.

திருப்பத்தில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 40-இல் வருகிற குழுவின் முன்னால் இருப்பவர் பிரேக்கைத் தொட்டு 25-க்கு இறங்கி, வளைந்து, மறுபடி 40-க்கு ஏறுகிறார். அவருக்குப் பின்னால் இருப்பவர் சற்றே கூடுதலாகப் பிரேக் பிடிக்கிறார், அவருக்குப் பின்னவர் இன்னும் சற்றுக் கூடுதலாக. இப்படி ஒவ்வொருவராகக் கூடிக்கொண்டே வந்து, இருபதாவது ஆளாக நீங்கள் வளைகிறபோது உங்கள் வேகம் 15-க்கு விழுந்திருக்கும். அந்த நேரத்தில் குழுவின் முதல் ஆள் நேர்ச்சாலையில் 40-ஐத் தொட்டிருப்பார். உங்களுக்கும் உங்களுக்கு முன்னால் போகிறவருக்கும் இடையே விழுந்த இடைவெளியை மூட நீங்கள் 45 வரை போயாக வேண்டும். சைக்கிளும் நீங்களும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், வேகம் பிடிப்பதற்கு மட்டும் முதல் ஆள் செலவிடும் ஆற்றலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கை நீங்கள் செலவிடுகிறீர்கள். அதையும் சில நொடிகளுக்குள், அந்த இடைவெளியில் காற்றைத் தடுக்க யாருடைய மறைவும் இல்லாமல் செய்கிறீர்கள். சுற்றுக்கு நான்கு முறை இது நடக்கிறது. இரண்டாம் சுற்றின் நடுவில், ஆறாவது ஏழாவது திருப்பத்தில், கால் தீர்ந்துவிடுகிறது. மூச்சு முட்டுவதைவிடத் தொடை கல்லாக இறுகுவதைத்தான் முதலில் உணர்வீர்கள்.

வாலில் ஓட்டுவது சுகம் என்று புதியவர்கள் நம்புவதற்கும் காரணம் உண்டு. நேர்ச்சாலையில் அது உண்மையிலேயே சுகம்தான். பெர்ட் பிளாக்கன் என்ற பெல்ஜியப் பேராசிரியரின் குழு 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் இருப்பவர் மீது விழும் காற்றின் எதிர்ப்பு, தனியாக ஓட்டுபவருக்கு உள்ளதில் 5 முதல் 10 சதவீதம்தான். உங்கள் இருபத்தைந்து பேரில் அவ்வளவு மறைவு கிடைக்காது, அதுவும் நேர்ச்சாலையில் மட்டுமே கிடைக்கும். அந்தச் சுகத்துக்கான விலையைத்தான் திருப்பத்தில் வட்டியோடு கட்டுகிறீர்கள்.

ஆகவே செய்ய வேண்டியது, குழுவின் முன் மூன்றில் ஒரு பங்குக்குள், ஆறாவது ஏழாவது ஆளாக, இடம் பிடித்து அங்கேயே நிற்பதுதான். நேர்ச்சாலையில் வேகம் தணிகிற நேரம் பார்த்து ஓரமாக முன்னேறுங்கள், திருப்பத்துக்குப் பத்து மீட்டர் இருக்கும்போது உள்ளே நுழையாதீர்கள். முன்னால் நின்று காற்றை வாங்கிக்கொண்டு குழுவை இழுக்கும் உங்கள் முறை வந்தால் பத்துப் பதினைந்து நொடி, வேகத்தைக் கூட்டாமல் இழுத்துவிட்டு விலகுங்கள். முன்னால் வந்த பெருமையில் ஒரு நிமிடம் இழுத்துத் தீர்ந்துபோகிறவர்கள்தான் புதியவர்களில் பாதிப் பேர். முன்னவரின் பின்சக்கரத்தையே வெறித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். அவருடைய தோளுக்கு மேலாக நான்கு பேர் தாண்டிப் பார்த்தால்தான் பிரேக் பிடிக்க அவகாசம் கிடைக்கும். பழகும் வரை ஒரு மீட்டர் இடைவெளி போதும், மறைவின் பெரும்பகுதி அந்தத் தூரத்திலும் கிடைக்கிறது. உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையக் கூடாது; இரண்டும் உரசினால் அவர் ஆடிவிட்டுப் போய்விடுவார், விழுவது நீங்கள்தான், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களும்தான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன அனைத்தையும் அது தலைகீழாக்கிவிடும். அதுதான் பக்கக்காற்று. காற்று எதிரே வரும்போது மறைவு முன்னவரின் நேர்ப்பின்னால் இருக்கிறது. பக்கத்திலிருந்து வீசும்போது மறைவு காற்று போகிற பக்கம் சாய்ந்துவிடுகிறது. இடப்பக்கமிருந்து காற்று வந்தால், முன்னவரின் வலப்பக்கம் சற்றுப் பின்தள்ளி இருப்பவருக்குத்தான் மறைவு. ஆகவே அனுபவமுள்ளவர்கள் சாலையின் குறுக்கே மூலைவிட்டமாக விரிந்து ஓட்டுவார்கள். அப்போது உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில்தான் இருக்கும், சற்றுமுன் கூடாது என்று நான் சொன்ன அதே இடத்தில். அங்கே இருக்கலாம், ஆனால் எல்லாரும் ஒரே கோணத்தில், யாரும் திடீரென விலகாமல் ஓட்டினால் மட்டும். சாலையின் அகலம் தீர்ந்தவுடன் அந்த வரிசையும் தீர்ந்துவிடும். நான்கு பேருக்கு இடமிருக்கிறது என்றால் ஐந்தாவது ஆளிலிருந்து எல்லாரும் சாலையின் விளிம்பில் ஒருவர் பின் ஒருவராகத் தொங்கிக்கொண்டு, மறைவே இல்லாமல், தனியாக ஓட்டுகிற அதே பாட்டைப் படுவார்கள். அங்கே ஆறாவது ஏழாவது இடம் என்ற என் ஆலோசனை செல்லாது. ஒன்று முதல் நால்வரில் இருக்க வேண்டும், அல்லது ஐந்தாவதாக இருப்பவர் துணிந்து இரண்டாவது மூலைவிட்ட வரிசையைத் தொடங்க வேண்டும், நீங்கள் அதில் சேர்ந்துகொள்ள வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். பந்தயத்துக்காக அடைக்கப்பட்ட சாலையில் முழு அகலத்துக்கும் விரியலாம். வண்டிகள் வந்துபோகும் சாலையில் உங்கள் பக்கத்துத் தடத்தின் பாதிக்கு மேல் விரிவது தற்கொலைக்குச் சமம், அங்கே கழன்றுபோவதே மேல். கிளம்பும் முன்பே மரக்கிளையையோ கொடியையோ பார்த்துக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்தத் திருப்பத்துக்குப் பிறகு அது பக்கக்காற்றாகும் என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆபத்து அந்த ஒரு திருப்பத்தில்தான், அதற்கு முன்னால் முன்னேறிவிட வேண்டும்.

இனி சக்கரத்துக்கு வருகிறேன். அந்த மூத்தவர் வாங்கித் தரப்போகிற ஜோடி உங்கள் சக்கரங்களைவிட அரைக்கிலோ குறைவு என்றே வைத்துக்கொள்வோம். 80 கிலோவில் அரைக்கிலோ என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. சுழல்கிற எடை என்பதால் இரட்டிப்பாகக் கணக்கிடு என்று அவர் வாதாடினாலும் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வாலிலிருந்து ஏழாவது இடத்துக்கு வந்தால் திருப்பத்துக்குத் திருப்பம் மிச்சமாவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உயரமான விளிம்பு காற்றை வெட்டும் என்பார். வெட்டும், தனியாக முன்னால் போகிறவருக்கு. காற்றின் எதிர்ப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஓட்டுகிறவரின் உடலால் வருவது. முழங்கையை மடித்து முதுகைத் தாழ்த்தி ஓட்டப் பழகினாலே அந்தச் சக்கரம் தருவதைவிட அதிகம் கிடைக்கும், பணமும் கையில் இருக்கும்.

குழுக்களுக்குள் நடக்கும் இந்த வியாபாரம் எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். புதிதாக வருகிறவர் நான்கு வாரம் கழன்றுபோகும் வரை காத்திருப்பார்கள். ஐந்தாவது வாரம் ஒரு மூத்தவர் அக்கறையோடு பக்கத்தில் வந்து ஓட்டுவார். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் அவருக்கு ஒரு கமிஷன் இருக்கும், அல்லது தன் பழைய சக்கரத்தைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்க வேண்டியிருக்கும். ரசீது கேட்டால் "நமக்குள் எதற்கு" என்பார். கார்பன் பொருளுக்கு நிறுவனம் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். பழைய கார்பனில் விழுந்த விரிசல் மேற்பூச்சுக்கு அடியில் மறைந்திருக்கும், கையால் தட்டிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. விளிம்பில் பிடிக்கிற பிரேக் என்றால், முன்பு ஓட்டியவர் அலுமினிய விளிம்புக்கான பிரேக் கட்டைகளையே போட்டு ஓட்டியிருந்தாலும், நீண்ட இறக்கங்களில் பிரேக்கை விடாமல் பிடித்து விளிம்பைச் சூடேற்றியிருந்தாலும், அந்தச் சக்கரம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கான சக்கரம் விளிம்புப் பிரேக் சைக்கிளில் பொருந்தாது. அச்சும் பின்பக்க கியர் அடுக்கும் பொருந்த வேண்டும். வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்துத் தலையில் கைவைத்தவர்கள் நிறையப் பேர்.

சக்கரம் போகாவிட்டால் அடுத்ததாகச் சத்துப் பொடியும் ஜெல்லும் வரும். ஒன்றரை மணி நேரக் கடும் உழைப்புக்குத் தேவையான சர்க்கரைச் சேமிப்பு, முந்தைய நாள் ஒழுங்காகச் சாப்பிட்டவரின் தசைகளிலேயே இருக்கிறது. உங்கள் சவாரி முழுதாகவே ஒன்றேகால் மணி நேரம், நீங்கள் கழன்றுபோவது இருபத்தைந்தாவது நிமிடத்தில். பசியால் யாரும் இருபத்தைந்தாவது நிமிடத்தில் கழன்றுபோவதில்லை.

பயிற்சியாக ஒன்றே ஒன்று செய்யுங்கள். வாரத்தின் நடுவில் ஒரு நாள், போக்குவரத்து இல்லாத இடத்தில், நன்றாக உடலைச் சூடேற்றிய பின், 30 நொடி முழுவேகம், 30 நொடி மெதுவாக, இப்படிப் பத்து முறை. ஐந்து நிமிடம் ஓய்வாக ஓட்டிவிட்டு மறுபடி ஒரு பத்து. திருப்பத்திலிருந்து எழுந்து ஓடுகிற வேலைக்கு இதுவே நேரடிப் பயிற்சி. நாற்பதைத் தாண்டியவர் என்பதால், இதைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒருமுறை இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் நான் எழுத வேண்டிய நிலையே வந்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதியவர்களுக்கென்று தரம் பிரித்து, சாலையை அடைத்து, பந்தயம் நடத்த வேண்டிய அமைப்புகள் உறுப்பினர் கட்டணம் வாங்குவதில் காட்டும் சுறுசுறுப்பை அதில் காட்டுவதில்லை. அதனால் 43 வயதில் தொடங்குகிறவரும் பத்து ஆண்டுகள் பந்தயம் ஓட்டியவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமைச் சாலையில் முட்டிக்கொள்கிறார்கள். குழுவோ, "யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம்" என்று அறிவிப்பில் எழுதிவிட்டு, முதல் திருப்பத்திலேயே செயலியில் யார் முதலிடம் என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறது. "விபத்துக்கு நானே பொறுப்பு" என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வதால் ஒருவருடைய எலும்பும் காப்பாற்றப்படப் போவதில்லை. திருப்பங்களில் முன்னவர்கள் ஐந்து நொடி பொறுத்து வேகம் எடுப்பது என்று ஒரு ஒப்பந்தம் செய்தால், வாலில் இருக்கும் பாதிப் பேர் கடைசிச் சுற்று வரை இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள், ஆனால் சம்மதிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

முன்னால் இடம் பிடித்தும் சில வாரங்கள் கழன்றுபோகத்தான் செய்வீர்கள். அப்போது துரத்தாதீர்கள், சிக்னலைத் தாண்டிக் குழுவைப் பிடித்தவர்கள் ஒருநாள் லாரியையும் பிடித்திருக்கிறார்கள். சுற்றுப்பாதை என்பதால் குறுக்கு வழியில் போயோ திரும்பி எதிரே போயோ குழுவில் நுழைந்துவிடலாம் என்று தோன்றும், அதையும் செய்யாதீர்கள். ஓரமாக, அதே திசையில், உங்கள் 32-இலேயே ஓட்டிக்கொண்டிருங்கள். அந்த வேகத்தில் ஐந்து சுற்றுக்குள் குழு உங்களை ஒரு சுற்று முந்திவர முடியாது, ஆகவே மறுபடி சேர்வதை மறந்துவிட்டு மிச்சத்தைத் தனியாக ஓட்டி முடியுங்கள்.